பாஸ்டர் வீட்டில் நோய் வரக்கூடாது

பாஸ்டர் வேலையில் ஒரு வசதி உண்டு. ஊரில் யாருக்கு என்ன நடந்தாலும் முதலில் உங்களுக்குத்தான் சொல்வார்கள். மாடு காணாமல் போனாலும், மகள் ஓடிப்போனாலும், விசா இல்லை என்று கடிதம் வந்தாலும் உங்கள் வீட்டு வாசல் கேற்றடியில்தான் முதலில் சைக்கிள் வந்து நிற்கும். ஒரு வசதியீனமும் உண்டு. உங்களுக்கு ஒன்று நடந்தால் போய் நிற்க ஊரில் ஒரு கேற் கிடையாது.

இதை வாசிக்கிற சக பாஸ்டர்மாரே, உங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களும் வாசிக்கலாம். ஊருக்கு முன்னால் நின்று எல்லாம் நல்லாயிருக்கு என்று சிரித்துக்கொண்டே காலம் தள்ளுகிற அதிபர்மாரும் கிராம சேவகர்மாரும் என் கட்சிதான். ஊழியத்தில் பருவங்கள் உண்டு என்று எங்களுக்கு வகுப்பெடுப்பார்கள். என் பருவங்களில் என் வீட்டுக்குள் என்ன நடந்தது என்பதைத்தான் எழுதப் போகிறேன். என் மனைவி மலருக்கு மார்பில் ஒரு கட்டி வந்தது. ஊரெல்லாம் சுகத்துக்காக ஜெபிக்கிற பாஸ்டர் வீட்டில் கட்டி என்றால் சபை என்ன சொல்லும் என்று பயந்து, நாங்கள் இரண்டு பேருமாய் அதை ஏழு மாதம் ஒளித்து வைத்திருந்தோம்.

தகரக் கொட்டில்

போருக்குப் பிந்தின மீள்குடியேற்றம் முடிந்த கையோடு நானும் மலரும் கிளிநொச்சிக்குப் பக்கத்தில் இருக்கிற வட்டக்கச்சிக்கு வந்தோம். சபை என்று சொல்ல ஒரு தகரக் கொட்டில், எட்டு பிளாஸ்டிக் கதிரை, பதினொரு ஆட்கள். வெயிலில் தகரம் காய்ந்து உள்ளே இருக்க முடியாது. மழையில் நான் பிரசங்கிப்பது எனக்கே கேட்காது. மலர் முன்னால் இருந்து பாட்டுத் தொடக்குவாள், வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுவாள், போன பிறகு கூட்டித் துடைப்பாள். நான் ஒரு வேலை செய்தேன், அவள் மூன்று வேலை செய்தாள். பாஸ்டர் நல்ல உழைப்பாளி என்று ஊர் சொன்னது.

இரண்டாம் வருடம் துரைராசா அண்ணைக்கு நாரிப்பிடிப்பு சுகமானது. அவர் வயல்காரர், குனிய முடியாமல் கிடந்தவர். நான் கை வைத்து ஜெபித்தேன், அடுத்த கிழமை மண்வெட்டி பிடித்து வரம்பு கட்டினார். அதை ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் மைக்கில் சொன்னார். சாட்சி நேரம் என்பது, கடவுள் தங்களுக்குச் செய்ததை ஆட்கள் முன்னால் வந்து சபைக்குச் சொல்லுகிற பகுதி. அடுத்த கிழமை இருபது பேர் கூட வந்தார்கள். காய்ச்சல் வந்தது, சீனி வருத்தம் வந்தது, பிள்ளையில்லாக் குறை வந்தது. சனிக்கிழமை உபவாச ஜெபத்துக்குத் திருநீறு பூசினவர்களும் வந்து தலையைக் குனிந்தார்கள். சுகமானவர்கள் மைக்கடிக்கு வந்தார்கள். சுகமாகாதவர்கள் பேசாமல் பின்வரிசையில் இருந்தார்கள். நான் பின்வரிசையைப் பார்க்கவில்லை.

ஒருநாள், இனிச் சாட்சியைக் கொஞ்சம் குறைத்துப் பிரசங்கத்தைக் கூட்டுவோம் என்று சொல்லிப் பார்த்தேன். அதற்குள் சபையின் மூப்பராகிவிட்ட துரைராசா அண்ணை என்னை வேலியடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். "பாஸ்டர், கோவிக்காதேங்கோ. சனம் உங்கட பிரசங்கத்துக்கு வரேல்லை, சுகத்துக்குத்தான் வருது. அதை மட்டும் விட்டிடாதேங்கோ."

பத்து நாள் உபவாசம்

கல்லும் சீமெந்துமாய் மண்டபம் எழும்பியது. நூற்றைம்பது பேர் வந்தார்கள். அந்த வருட மாரியில் எனக்கு டெங்கு பிடித்தது. பத்து நாள் பாயோடு கிடந்தேன். மலர்தான் தோடம்பழச் சாறும் கஞ்சியுமாய்த் தந்து என்னை நிமிர்த்தினாள். சுகத்துக்கு ஜெபிக்கிற பாஸ்டருக்கு நுளம்பு கடித்துக் காய்ச்சல் என்று வெளியே சொல்வது துரைராசா அண்ணைக்குச் சரியாகப் படவில்லை. என்னைக் கேட்காமலே சபைக்கு அறிவித்தல் கொடுத்துவிட்டார். பாஸ்டர் அறைக்குள் பத்து நாள் உபவாசத்தில் இருக்கிறார், ஒருவரும் போய்த் தொந்தரவு செய்யக்கூடாது.

எனக்குத் தெரியவந்தபோது நான் அதைத் திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. கண் குழிவிழுந்து, சேட்டு உடம்பில் தொங்க, கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்று பிரசங்கித்தேன். ஆராதனை முடிய ஒரு வயதான அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "முகத்தில என்ன பிரகாசம் பாஸ்டர்! உபவாசமெண்டால் இப்பிடியெல்லோ இருக்கவேணும்."

குசினியில் சொன்னது

இரண்டு வருடம் கழித்து, ஒரு பங்குனி மாதக் காலை. நான் ஒரு வீட்டு ஜெபத்துக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நின்றேன். மலர் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். திருவுவதை நிறுத்தாமல், பருப்பு முடிந்துவிட்டது என்று சொல்லுகிற குரலில், இடது பக்க மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது, ஒரு மாதமாய் இருக்கிறது என்றாள்.

நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். மோட்டார் சைக்கிள் திறப்பை மேசையில் வைத்துவிட்டு அவள் தலையில் கை வைத்து ஜெபித்தேன். அது பிழை என்று இப்போதும் சொல்லமாட்டேன். ஜெபித்து முடிந்ததும் திறப்பை எடுத்துக்கொண்டு அந்த வீட்டு ஜெபத்துக்குப் போனேனே, அதுதான் பிழை. கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு மோட்டார் சைக்கிளில் அதிக நேரம் எடுக்காது. ஆனால் அங்கே ஊசி போடுகிற இரண்டு மிஸ்ஸிமார் எங்கள் சபை. காலையில் போனால் மத்தியானம் வட்டக்கச்சி முழுக்கத் தெரிந்துவிடும்.

நான் இதை மனதுக்குள் யோசித்துக்கொண்டு நிற்க, அவள் அதையே வாய்விட்டுச் சொன்னாள். ஒரு புருசனுக்கு அந்த நேரம் கோபம் வந்திருக்கவேண்டும். எனக்கு ஆறுதலாக இருந்தது. இருபத்திரண்டு வருடம் என்னோடு வாழ்ந்தவள் தன் உயிரைவிட என் பெயரைப் பெரிதாக நினைக்கிறாள் என்று ஆறுதல். எழுதவே வெட்கமாக இருக்கிறது. அவள் சொன்னது இதுதான். "ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. பாஸ்டர் வீட்டிலையே சுகமில்லையெண்டால், சனம் எதை நம்பி எங்களிட்டை வாறது?"

வெள்ளைப் பலகையில் நான்கு பருவம்

கட்டியைப் பற்றி அவள் சொல்லி இரண்டு மாதம். கிளிநொச்சியில் பாஸ்டர்மாருக்கு ஒரு நாள் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். கொழும்பில் இருந்து சப்பாத்துப் போட்ட ஒரு தம்பி வந்தார். ஊழியருடைய வாழ்க்கையில் நான்கு பருவம் உண்டு என்று வெள்ளைப் பலகையில் எழுதினார். வசந்தம், கோடை, இலையுதிர்காலம், பனிக்காலம். திரையில் பனி மூடின மரம் ஒன்றையும் காட்டினார். மின்விசிறி ஓடவில்லை. நாங்கள் முப்பது பேரும் சேட்டுத் தெறியைக் கழற்றிவிட்டு, பனி மரத்தைப் பார்த்தபடி வியர்த்துக்கொண்டிருந்தோம்.

உருத்திரபுரத்துப் பாஸ்டர் ஞானம் என் பழைய கூட்டாளி. வாய் சும்மா இருக்காத மனிதர். எங்களிடம் காலபோகம், சிறுபோகம் என்று இரண்டு நெல்லுப் பருவம்தான் இருக்கிறது தம்பி, மூன்றாவது வெள்ளம் என்று எழும்பிச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு ஒரு படிவம் தந்து, நீங்கள் இப்போது எந்தப் பருவத்தில் நிற்கிறீர்கள் என்று குறியிடச் சொன்னார்கள். காலையில் மலர் இடது கையைத் தூக்கித் தலை இழுக்கமுடியாமல், சீப்பை வலது கைக்கு மாற்றினதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். நான் வசந்தம் என்று குறியிட்டேன். படிவத்தை வாங்கிப் பார்த்த தம்பி என் தோளில் தட்டினார். "உங்க முகத்திலயே தெரியுது பாஸ்டர், நீங்க நல்ல பருவத்திலதான் இருக்கிறீங்க."

புளியங்குளம்

கிளிநொச்சியில் காட்ட முடியாதென்றால் வவுனியாவில் காட்டலாம் என்று ஒருவாறு முடிவெடுத்தோம். கொழும்பில் இருந்து மாதம் ஒருமுறை அங்கே வந்து பார்க்கிற ஒரு பெரிய டொக்டரிடம் நம்பர் போட்டோம். எங்கள் ஆட்கள் வவுனியாவுக்குப் போவது குறைவு. காதும் காதும் வைத்தாற்போல் போய் வந்துவிடலாம் என்று கிளிநொச்சியில் பஸ் ஏறினோம். மாங்குளத்தில் உரக்கடை சிவம் ஏறினார். எங்கள் சபையில் இரண்டாம் வரிசைக்காரர். எங்களைக் கண்டதும் முகம் மலர்ந்து, பக்கத்து இருக்கையில் வந்து குந்திக்கொண்டார். எங்கே பாஸ்டர், மலர் அம்மாவோடு என்று கேட்டார். புளியங்குளத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் வருத்தமாம், ஆள் படுக்கையாம், ஜெபிக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டேன். பொய்யும் அவ்வளவு லேசாக வந்தது. பிறகுதான் அவர் எங்கே போகிறார் என்று கேட்டேன். வவுனியாவுக்கு என்றார்.

என்ன செய்வது? புளியங்குளம் வந்தது. நான் மறந்ததுபோல் இருந்து பார்த்தேன். சிவம் விடவில்லை. கொண்டக்டரைக் கூப்பிட்டு, பாஸ்டர் ஆட்கள் இறங்கவேண்டும் என்று மணி அடிப்பித்தார். இறங்கினோம். சந்தியில் ஒரு கடை வாசலில் மலரை இருத்திவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன். முதல் பஸ் நிறைந்து வந்தது, நிற்கவில்லை. இரண்டாவது சொகுசு பஸ், அதுவும் நிற்கவில்லை. மலர் ஒரு சோடாவை வைத்துக்கொண்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வவுனியாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது டொக்டர் வெளிக்கிட்டுவிட்டார். இனி அடுத்த மாதம்.

ஒரு பொய்யைக் காப்பாற்ற என் மனைவியை வெயிலில் இறக்கிவிட்டேன். இதைவிடக் கேவலமான வேலையை நான் வாழ்க்கையில் செய்ததில்லை. அந்த பஸ் எங்களை விட்டுவிட்டு வெளிக்கிடும்போது சிவம் யன்னலால் தலையை நீட்டிக் கத்தினது இன்னும் காதுக்குள் கிடக்கிறது. "அந்த வீட்டுக்காரருக்கு நல்லா ஜெபியுங்கோ பாஸ்டர்! எந்த வருத்தமெண்டாலும் நீங்கள் போனால் மாறிப்போம்!"

பெருவிழா

அடுத்த மாதம் டொக்டர் வருகிற நாள், எங்கள் சபையின் மூன்று நாள் சுகமளிக்கும் பெருவிழாவின் முதல் நாளாய்ப் போனது. நோட்டீஸ் அடித்தாயிற்று, பந்தலுக்குச் சொல்லியாயிற்று. விழாவுக்குப் பிறகு பார்ப்போம் என்று மலர் சொன்னாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. விழாவுக்குப் பிறகு அறுவடை ஸ்தோத்திரம் வந்தது. அதற்குப் பிறகு ஒரு கலியாணம். பாஸ்டர் வீட்டு நாட்காட்டியில் எங்களுக்கென்று ஒரு நாள் கிடந்ததே இல்லை.

பெருவிழாவில் மலர் பாட்டுக்காரரோடு நின்றாள். நான் பிரசங்கித்து முடித்து, வருத்தக்காரர் முன்னால் வாருங்கள் என்று கூப்பிட்டேன். வந்த ஒவ்வொரு தலையிலும் கை வைத்தேன். அவள் எனக்கு நாலடி பின்னால் நின்று, வலது கையால் மட்டும் தாளம் போட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அவள் முகத்தைப் பார்க்கவேண்டி வரும். கூட்டம் கலையும்போது ஒரு தாய் மலரின் கையைப் பிடித்துச் சொன்னது எனக்கும் கேட்டது. "நீங்கள் குடுத்து வைச்சனீங்கள் அம்மா. உங்களுக்கு மருந்து வீட்டுக்குள்ளயே இருக்கு."

ஒரு சகோதரிக்காக

ஏழாவது மாதம். கட்டி தேசிக்காய் அளவுக்கு வந்துவிட்டது, மேல் தோலும் உள்ளே இழுபட்டிருந்தது. இனி என் ஜெபத்தில் எனக்கே நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இல்லாமல் ஜெபிப்பதை யாரிடமாவது சொல்லாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும்போல் இருந்தது. உருத்திரபுரத்துக்குப் போனேன். ஞானம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கோழிக்கூட்டுக்குக் கம்பிவலை அடித்துக்கொண்டு நின்றார். அவரிடமும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. எங்கள் சபையில் ஒரு சகோதரிக்கு மார்பில் கட்டி, ஏழு மாதமாய் இருக்கிறது, அவவுக்காக ஜெபியுங்கோ என்றேன்.

ஞானம் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, நின்ற இடத்திலேயே கண்ணை மூடி ஜெபித்தார். பகிடி விடுகிற மனிதர் அன்றைக்கு ஒரு பகிடியும் விடவில்லை. ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்து என்னை நேரே பார்த்தார். "அந்தச் சகோதரி ஆரெண்டு நான் கேக்கேல்லை. அவாவை ஏழு மாதம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாத மனிசன் ஆரெண்டு மட்டும் சொல்லும்."

என்ன வேலை?

அடுத்த நாளே யாழ்ப்பாணத்துக்குப் போனோம். டொக்டர் ஒரு இளம் பெண். மலரைப் பார்த்துவிட்டு எத்தனை மாதம் என்று கேட்டார். சொன்னோம். எழுதிக்கொண்டிருந்த பேனை நின்றது. என்னைப் பார்த்து, நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். ஆசிரியர் என்றேன். அந்தக் கதிரையில் இருந்துகூட நான் பொய்தான் சொன்னேன். யாரை ஏமாற்ற என்று எனக்கே விளங்கவில்லை. மலர் சட்டையின் தெறியைப் பூட்டிக்கொண்டே, இல்லை டொக்டர், இவர் பாஸ்டர், கிளிநொச்சிப் பக்கம் எல்லாருக்கும் தெரியும் என்றாள். ஏழு மாதத்தில் அவள் என்னைக் காட்டிக்கொடுத்தது அதுதான் முதல் தரம்.

டொக்டர் கத்தவில்லை. ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். வெட்டி எடுக்கவேண்டும், பிறகு ஊசி மருந்து ஏற்றவேண்டும், முன்னமே வந்திருந்தால் இவ்வளவு தேவைப்பட்டிராது என்று மலருக்குத்தான் ஆறுதலாக விளங்கப்படுத்தினார். நாங்கள் எழும்பும்போது என்னிடம் ஒன்று மட்டும் கேட்டார். "அப்ப நீங்கள் கன சனத்துக்குப் புத்தி சொல்லுறனீங்கள், என்ன?"

கேற்றடி

வெட்டின பிறகு ஒளிக்க முடியுமா? மலருக்குத் தலைமயிர் கொட்டியது. செய்தி வாய்க்கால் தண்ணீர்போல் வீட்டுக்கு வீடு ஓடியது. நான் எத்தனை வீட்டு வருத்தத்துக்கு எத்தனை தரம் ஓடியிருப்பேன்! எங்கள் வீட்டுக்கு ஆட்கள் கேற்றடி வரைக்கும் வந்தார்கள். உங்களுக்கு நாங்கள் என்னத்தைச் சொல்லுறது பாஸ்டர், நீங்கள்தானே எங்களுக்குச் சொல்லுறனீங்கள் என்று, முட்டைப் பையை என் கையில் தந்துவிட்டு சைக்கிளைத் திருப்பினார்கள். உள்ளே வந்து மலருக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் இருக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. எனக்கு அந்த முட்டையை ரோட்டில் எறியவேண்டும்போல் இருந்தது. எறியவில்லை, மலருக்குச் சத்துத் தேவைப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கதிரைகள் காலியாகத் தொடங்கின. டவுனில் புதிதாய்த் திறந்த சபைக்குப் பாதிப்பேர் போனார்கள். அங்கே இருக்கிற பாஸ்டருக்கும் மனைவிக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லையாம். துரைராசா அண்ணை மட்டும் வீட்டுக்குள் வந்தார். வந்து, மலர் படுத்திருந்த அறைக்கு முதுகைக் காட்டிக் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இருந்தார். தண்ணீர் கேட்டுக் குடித்தார். குரலைத் தாழ்த்தினார். "பாஸ்டர், நான் கேக்கேல்லை, சபை கேக்குது. வீட்டுக்குள்ள ஏதும் மறைவான பாவம் கிடக்கோ?"

சாட்சி நேரம்

மருந்து முடிந்தது. ஸ்கானில் இப்போதைக்கு ஒன்றும் இல்லை, ஆனால் ஐந்து வருடம் பார்த்துத்தான் எதையும் சொல்லலாம் என்றார் டொக்டர். இந்த "இப்போதைக்கு" துரைராசா அண்ணைக்குக் கேட்கவில்லை. அம்மா மைக்கில் வந்து சுகமானேன் என்று ஒரு சாட்சி சொன்னால் போன சனம் திரும்பி வரும் என்று என்னிடம் சொன்னார். நீங்கள் என்னைக் காறித் துப்பலாம், நான் சம்மதித்தேன். மலருக்கு ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். சபையின் ஜெபத்தால் பூரண சுகம் என்று என் கையாலேயே எழுதினேன். அவள் வாங்கி வாசித்துவிட்டு மடித்து வேதாகமத்துக்குள் வைத்தாள்.

அன்று கதிரை போதவில்லை. போனவர்களில் கனபேர் பார்க்க வந்திருந்தார்கள். மலர் தலைக்கு ஒரு துணியைக் கட்டிக்கொண்டு மைக்கடிக்கு வந்தாள். தாளை எடுத்து விரித்தாள். "இது இவர் எழுதித் தந்தது. இது என்ர சாட்சி இல்லை" என்று சொல்லி அதை மேசையில் வைத்தாள். சத்தம் போடாமல்தான் பேசினாள். "வெட்டினது டொக்டர், மருந்து ஏத்தினது மிஸ்ஸிமார். அவையளைத் தந்தது கடவுள், அதுக்கு அவருக்கு ஸ்தோத்திரம். ஆனா நான் ஏழு மாதம் இந்தக் கட்டியை ஒளிச்சு வைச்சிருந்தனான். சாவுக்குப் பயந்து ஒளிக்கேல்லை. கடவுளுக்குப் பயந்தும் ஒளிக்கேல்லை. உங்களுக்குப் பயந்துதான் ஒளிச்சனான். இவரும் உங்களுக்குத்தான் பயந்தவர். உங்களில ஆருக்கும் உடம்பில ஏதும் இருந்தால் முதல்ல டொக்டரிட்டைப் போங்கோ. போட்டு வாங்கோ, பக்கத்தில இருந்து ஜெபிப்பம்."

ஒருவரும் அல்லேலூயா சொல்லவில்லை. எனக்கு எழும்பி அவளுக்குப் பக்கத்தில் போய் நிற்கவேண்டும்போல் இருந்தது. கதிரையிலேயே இருந்தேன். அவள் அடுத்த வசனத்துக்கு வாயைத் திறக்க, துரைராசா அண்ணை முன்வரிசையில் இருந்து எழும்பி ஒலிபெருக்கிக்காரரைப் பார்த்துக் கையை ஆட்டினார். "மைக்கை நிப்பாட்டும்! உடனை மைக்கை நிப்பாட்டும்!"

திங்கட்கிழமை

அடுத்த நாள் காலை துரைராசா அண்ணை மண்டபத் திறப்புக்கோர்வையைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, தானும் டவுன் சபைக்குப் போவதாகச் சொன்னார். கோபித்துக்கொள்ளவில்லை, என் கையைக் குலுக்கினார். பதினொரு பேரோடு தொடங்கினேன், இனிப் பதினொரு பேர் மிஞ்சுவார்களோ தெரியாது என்று முன் அறையில் இருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். மலர்மீது எனக்குக் கோபம் இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். மைக்கில் உண்மையைச் சொல்லப்போவதென்றால் எனக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கலாமே என்று கோபம். எனக்குச் சொல்லியிருந்தால் நான் தடுத்திருப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.

பத்து மணிபோல் குசினிப் பக்கக் கதவடியில் ஆள் அரவம் கேட்டது. புஷ்பம். மலையகத்தில் இருந்து வந்து இங்கே குடியேறின குடும்பம், வயல்களில் களை பிடுங்கப் போகிற மனுசி. எங்கள் சபை இல்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு, சனிக்கிழமை எங்கள் உபவாச ஜெபத்துக்கு வந்து, பின்வரிசையில் இருந்துவிட்டுப் போகிறவர். முந்தின நாள் வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தோடு அவரும் வந்திருக்கிறார். மலர் அவரைக் குசினிக்குள் கூப்பிட்டு, பலகை போட்டு இருத்தினாள். பிறகு சட்டைத் தெறி கழற்றுகிற மெல்லிய சத்தமும், மலர் "ஐயோ" என்று மூச்சை உள்ளே இழுத்ததும் கேட்டது. எவ்வளவு காலம் என்று மலர் கேட்டாள். நான் முன் அறையில் இருப்பது புஷ்பத்துக்குத் தெரியாது. "ஒரு வருசம் ஆச்சுங்கம்மா. அய்யாதான் சனிக்கிழம சனிக்கிழம தலையில கை வச்சு ஜெபம் பண்ணுனாருங்களே, அதான் நான் ஆஸ்பத்திரிக்குப் போகல."

மலரும் புஷ்பமும் பின்னால் இருக்க, நானும் அந்த ஓட்டோவின் முன் இருக்கையில் ஓட்டுநரோடு நெருக்கிக்கொண்டு கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போன அன்றிலிருந்து, நான் கை வைத்த தலைகளை ஒவ்வொன்றாய்த் தேடிப்போய் டொக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்பதுதான் என் ஊழியம். இதற்கு இதுவரை ஒருவரும் மைக்கில் வந்து சாட்சி சொல்லவில்லை.